சிரிஞ்ச் பம்புக்குள் ஓப்பன் சோர்ஸ்: ஆடிட்டர் என்ன கேட்பார்?

கேள்வி:

வணக்கம் சார். கோவையில் மருத்துவக் கருவிகள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் ஃபர்ம்வேர் எழுதுகிறேன். எங்கள் குழுவில் ஏழு பேர். ஐசியூ நோயாளிகளுக்கு மருந்தை அளந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் ஒன்றைப் புதிதாக உருவாக்குகிறோம். மோட்டாரை ஓட்டும் பகுதியை ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் நிகழ்நேர இயங்குதளத்தின் (ஆர்டிஓஎஸ்) மேல் எழுதலாம், யார் எப்போது எவ்வளவு மருந்து வைத்தார்கள் என்ற பதிவை எஸ்கியூலைட் என்ற ஓப்பன் சோர்ஸ் தரவுத்தளத்தில் வைக்கலாம், அஜைல் முறையில் வேலையை இரண்டு வாரத் துண்டுகளாக (ஸ்பிரிண்ட்) பிரித்துச் செய்யலாம் என்பது எங்கள் யோசனை.

தரப் பிரிவுத் தலைவர் மூன்றையும் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "நெட்டில் இறக்கிய கோட் எல்லாம் மருத்துவ மென்பொருளுக்கான தரநிலை ஐஇசி 62304ல் செல்லாது. அஜைல் என்றாலே டாக்குமென்ட் கிடையாது. ஆடிட்டர் முதல் நாளே எழுந்து போய்விடுவார்" என்கிறார். எம்.டி.யோ, "நீங்கள் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள், கடைசியில் இரண்டு மாதம் ஒதுக்கி எல்லா டாக்குமென்ட்டையும் வி-மாடலில் (தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று வரிசையாகச் செய்யும் முறை) எழுதிக்கொள்ளலாம்" என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொன்று: ஃப்ரீஆர்டிஓஎஸ் புது வெர்ஷன் வரும்போதெல்லாம் நாங்களும் மாற வேண்டுமா?

– பெயர் வெளியிட வேண்டாம், கோவை

பதில்:

இருவரில் ஒருவரோடுதான் மல்லுக்கட்ட முடியும் என்றால் எம்.டி.யோடு மல்லுக்கட்டுங்கள். தரப் பிரிவுத் தலைவர் சொல்லும் காரணம் தப்பு. ஆனால் அவர் பயம் நியாயமானது. எம்.டி. காட்டும் வழிதான் உங்களை நிஜமாக மாட்டிவிடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஐஇசி 62304ஐ முழுக்கப் புரட்டினாலும் ஓப்பன் சோர்ஸ் கூடாது என்ற வரி கிடைக்காது. 2006ல் வெளிவந்து 2015ல் திருத்தப்பட்ட அந்தத் தரநிலை, இப்படி வரும் நிரலுக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறது: சூப். குடிக்கிற சூப் இல்லை. எப்படி உருவானது என்று நமக்குத் தெரியாத மென்பொருள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். காசு கொடுத்து வாங்கியதும் சூப்தான். உங்கள் கம்பெனியிலேயே பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதிவைத்து, ஆவணம் ஏதும் இல்லாமல் கிடக்கும் நிரலும் சூப்தான். உங்கள் பழைய பம்பின் மோட்டார் டிரைவரை அப்படியே புதியதில் போடப்போகிறீர்களா? ஆம் என்றால், ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸைவிட எனக்கு அதுதான் பயம்.

தெராக்-25 கதையை உங்கள் தலைவருக்கு நினைவூட்டுங்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கருவி. 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. உயிர்களும் போயின. அதன் நிரலில் ஒரு பகுதி முந்தைய மாடல்களிலிருந்து வந்தது. விபத்துக்குக் காரணமான பிழைகளில் ஒன்று முந்தைய தெராக்-20லும் இருந்திருக்கிறது. ஆனால் அதில் தனியாக வன்பொருள் பாதுகாப்பு இருந்ததால் ஃபியூஸ் போனதோடு சரி. புது மாடலில் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். ஓப்பன் சோர்ஸ் வாடையே படாத சொந்தச் சரக்கு அது.

இதைப் படித்துவிட்டு, "ஓப்பன் சோர்ஸை ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள்" என்று அவரிடம் வாதாடப் போகாதீர்கள். இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 2012ல் நுழைந்த ஹார்ட்பிளீட் பிழை 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. உலகமே பயன்படுத்திய நிரல் அது. ஆயிரம் பேர் பார்த்தார்களா என்று ஆடிட்டர் கேட்கப்போவதில்லை. நீங்கள் பார்த்தீர்களா, எப்போது பார்த்தீர்கள், பார்த்ததற்கு என்ன அத்தாட்சி என்பதுதான் அவர் கேள்வி. ஓப்பன் சோர்ஸுக்கும் அதே கேள்வி, அஜைலுக்கும் அதே கேள்வி.

முதலில் மென்பொருளின் பாதுகாப்பு வகுப்பைத் தீர்மானியுங்கள். நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அளவு கொஞ்ச நேரம் கூடினாலும் குறைந்தாலும் ரத்த அழுத்தம் தாறுமாறாகிவிடும். ஆகவே மோட்டாரை ஓட்டும் மென்பொருள் 62304 கணக்கில் சி வகுப்பு, அதாவது தவறினால் உயிரோ பெருங்காயமோ. (நம் மருத்துவச் சாதன விதிகள் 2017ல் வரும் ஏ முதல் டி வரையிலான வகுப்பு கருவிக்கானது, இது மென்பொருளுக்கானது. இரண்டு 'சி'யையும் குழப்பிக்கொண்டு அரை மணி நேரம் சண்டை போட்ட கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.)

சரி, ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸுக்கு ஒரு தாள் போடுங்கள். பெயர், தருபவர், துல்லியமாக எந்த வெர்ஷன்: இதை ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். அடுத்த கட்டம், இது எங்களுக்கு என்ன செய்து தர வேண்டும் என்பது. முக்கால்வாசிப் பேர் இங்கே 'ரியல் டைம் ஷெட்யூலிங்' என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதை எப்படிச் சோதிப்பது? மோட்டார் டாஸ்க் (மோட்டாரைக் கவனிக்கும் நிரல் துண்டு) 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எழ வேண்டும், அதில் அதிகபட்சத் தாமதம் இவ்வளவு. திரை டாஸ்க் எந்த நிலையிலும் மோட்டார் டாஸ்க்கைக் காக்க வைக்கக் கூடாது. பம்ப் ஓடத் தொடங்கிய பிறகு புதிதாக நினைவகம் ஒதுக்கக் கூடாது. இப்படி எழுதுங்கள். எழுதும்போதே வடிவமைப்பும் முடிவாகிவிடும். நினைவகத்துக்கு, கூடவே வரும் ஐந்து ஹீப் வகைகளில் ஒதுக்கியதை விடுவிக்கவே விடாத முதல் வகையோ, அதைவிட நல்லதாக முழு நிலையான ஒதுக்கீடோ போதும். இரண்டு டாஸ்க் பகிர்ந்துகொள்ளும் சென்சாருக்குப் பூட்டாக பைனரி செமஃபோர் வேண்டாம், மியூடெக்ஸ் போடுங்கள். காத்திருக்கும் பெரிய டாஸ்க்கின் முன்னுரிமை, பிடித்துவைத்திருக்கும் சின்ன டாஸ்க்குக்குத் தற்காலிகமாகக் கிடைப்பது மியூடெக்ஸில்தான். ஸ்டாக் (டாஸ்க்குக்கு ஒதுக்கிய தற்காலிக நினைவகம்) வழிகிறதா என்று கண்காணிக்கும் அமைப்பை ஆன் செய்து வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை.

பிறகு, தெரிந்த பிழைகளின் பட்டியல். பி, சி வகுப்புகளுக்கு, சூப்பின் வெளியான பிழைப் பட்டியலைப் படித்து, அதில் எதுவாவது உங்கள் கருவியில் ஆபத்தை உண்டாக்குமா என்று மதிப்பிட வேண்டும். ஓப்பன் சோர்ஸின் பெரிய வசதியே இங்கேதான். பட்டியல் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கியதற்கு விற்பனைப் பிரிவிடம் மூன்று மெயில் போட வேண்டியிருக்கும். உதாரணமாக, 2018 அக்டோபரில் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் நெட்வொர்க் தொடர்பைக் கவனிக்கும் டிசிபி/ஐபி பகுதியில் 13 பாதுகாப்புக் குறைகள் இருப்பதாக அறிவித்தார்கள். செய்தியைப் பார்த்த தரப் பிரிவுகள் பல அதோடு கதவைச் சாத்திவிட்டன. உங்கள் தாளில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "நாங்கள் எடுத்திருப்பது கெர்னல் (மையப் பகுதி) மட்டும். டிசிபி/ஐபி பகுதி எங்கள் பில்டில் இல்லை. சான்றாக இணைப்புக் கோப்பு." தேதி, கையெழுத்து. பார்த்தோம், யோசித்தோம், முடிவெடுத்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி.

இன்னொரு சோதனை, அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவது. டிக் என்பது கெர்னலின் கடிகாரத் துடிப்பு. 1 மில்லிசெகண்ட் டிக், 32 பிட் எண்ணி என்றால் 49.7 நாளில் எண்ணி நிரம்பிப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். கெர்னல் தன் தாமதக் கணக்கில் இதைச் சமாளித்துவிடும். "இப்போதைய டிக், முடிவு டிக்கைவிடப் பெரிதா" என்று உங்கள் ஆள் எழுதிய ஒப்பீடு சமாளிக்காது. தொடங்கிய டிக்கைக் கழித்து, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பார்க்கும் ஒப்பீடுதான் தாங்கும். ஐசியூவில் எப்போதும் பிளக்கில் செருகியே கிடக்கும் பம்ப் 50 நாள் அணையாமல் இருப்பது அதிசயமில்லை. போயிங் 787ல் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு யூனிட்டுகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் மொத்தமாக நின்றுவிடக்கூடும் என்று 2015ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் உத்தரவே போட வேண்டியிருந்தது. அதுவும் எண்ணி நிரம்பிய கதைதான். நீங்கள் சோதிப்பதற்கு 50 நாள் காத்திருக்க வேண்டாம். நிரம்புவதற்கு ஒரு நிமிடம் முன்பிருந்து டிக்கைத் தொடங்க ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது.

"சான்றிதழ் பெற்ற ஆர்டிஓஎஸ் ஒன்றையே வாங்கிவிட்டால் என்ன?" என்று தலைவர் கேட்பார். வாங்கலாம். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் செயல் மாதிரியை அடிப்படையாக வைத்துத் தனியாக உருவாக்கிய சேஃப்ஆர்டிஓஎஸ் இருக்கிறது. அது ஓப்பன் சோர்ஸ் அல்ல. 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்புக்குக் கொடுத்த த்ரெட்எக்ஸ் என்ற ஆர்டிஓஎஸ், 62304 சி வகுப்புக்கே சான்று பெற்றது. இப்போது ஓப்பன் சோர்ஸ். ஆனால் சான்று என்பது குறிப்பிட்ட வெர்ஷனுக்கு, பாதுகாப்புக் கையேட்டில் சொன்னபடி பயன்படுத்தினால் மட்டும். டிக் ஒப்பீட்டைத் தப்பாக எழுதினால் எந்தச் சான்றிதழும் காப்பாற்றாது.

எஸ்கியூலைட் விஷயத்தில் நான் உங்கள் பக்கம், ஒரு நிபந்தனையோடு. விமான மென்பொருளின் மிக உயர்ந்த நிலைக்கு டிஓ-178 தரநிலை கேட்கும் எம்சி/டிசி கவரேஜை (நிரலின் ஒவ்வொரு நிபந்தனையும் முடிவைத் தனியாக மாற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை அளவு) 100 சதவீதம் எட்டிய நூலகம் அது. ஏர்பஸ் ஏ350 விமான மென்பொருளில் இருக்கிறது. சோதனை நிரல், அசல் நிரலைப்போல் 590 மடங்கு. (நூலகம் யாருக்கும் சொந்தமில்லாத பொதுச்சொத்து, ஆனால் அந்தக் கவரேஜைத் தரும் டிஎச்3 சோதனைத் தொகுப்பு விலைக்குத்தான்.) இவ்வளவு இருந்தும், லினக்ஸ் இல்லாத உங்கள் போர்டில் ஃபிளாஷில் எழுதும் அடுக்கை எழுதப்போவது நீங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் பதிவு சிதையாது என்ற எஸ்கியூலைட்டின் வாக்குறுதி, "எழுதியாயிற்று" என்று உங்கள் அடுக்கு சொல்வது உண்மையாக இருந்தால்தான் பலிக்கும். அவர்களுடைய சோதனை அதற்குள் வராது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பவரைப் பிடுங்கும் ரிலே ஒன்றைக் கட்டி, ராத்திரி முழுக்க ஓட விடுங்கள்.

அந்த நிபந்தனை: பதிவும் திரையும் ஒரு பிராசசரில், மோட்டாரும் அலாரமும் இன்னொன்றில். பிரிப்பு நிஜமானது என்று காட்ட முடிந்தால், பதிவுப் பக்கத்தைக் குறைந்த வகுப்பில் வைக்க 62304 இடம் தருகிறது. கூடுதல் சிப்பின் விலை, எஸ்கியூலைட் முழுவதையும் சி வகுப்பாகச் சுமப்பதன் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்போது ஸ்பிரிண்ட். எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்று 62304 கட்டளையிடுவதில்லை. எந்தெந்த வேலை நடந்தாக வேண்டும், எது எதோடு ஒத்துப்போக வேண்டும் என்றுதான் சொல்கிறது. அஜைலை இதோடு எப்படிப் பொருத்துவது என்று அமெரிக்காவின் மருத்துவக் கருவித் துறை அமைப்பான ஏஏஎம்ஐ 2012லேயே டிஐஆர்45 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அதை அங்கீகரித்தும் இருக்கிறது. அதை வாங்கித் தலைவர் மேசையில் வையுங்கள். விமானத்துறையிலும் இந்தச் சண்டை நடந்து முடிந்த கதைதான்: டிஓ-178சியும் வாழ்க்கைச் சுழற்சி முறை எதையும் திணிப்பதில்லை. சான்றுக்கான கருவிகளை ஓப்பன் சோர்ஸாகவும் வேலையை அஜைலாகவும் செய்யலாம் என்று அடாகோர் நிறுவனம் தொடங்கிய ஓப்பன்-டிஓ முயற்சி பழசாகவே ஆகிவிட்டது.

உங்கள் பம்பிலேயே ஒரு கார்டை (பலகையில் ஒட்டும் வேலைச் சீட்டு) எடுத்துக்கொள்வோம். "குழாய் அடைத்துக்கொண்டால் நர்ஸுக்குத் தெரிய வேண்டும்." டெவலப்பர் விசை சென்சாரைப் படிக்கிறார், வரம்பைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தி அலாரம் அடிக்கிறார். சோதனை பாஸ். வழக்கமான குழுவில் கார்டு 'முடிந்தது' பக்கம் போய்விடும். ஸ்பிரிண்ட் கடைசி நாள் ஒரு ஐசியூ நர்ஸை அழைத்து வந்து பம்பைக் கையில் கொடுங்கள். குழாயை மடிப்பார். அலாரம் அடிக்கும். அவர் அலாரத்தைத் தொட மாட்டார். அனிச்சையாக முதலில் மடிப்பைத்தான் எடுத்துவிடுவார். அடைப்புக்குப் பின்னால் அழுத்தத்தில் சேர்ந்திருந்த மருந்து அத்தனையும் ஒரே மூச்சில் நோயாளிக்குள் போகும். அலாரம் சரியாக அடித்தது, நோயாளிக்கு ஓவர்டோஸும் ஆனது. அடைப்பு தெரிந்தவுடன் மோட்டார் கொஞ்சம் பின்னால் ஓடி அழுத்தத்தை இறக்க வேண்டும் என்ற தேவை அப்போதுதான் பிறக்கிறது. இது தெரிந்த ஆபத்துதான், நல்ல பம்புகளில் இதற்கு வழி இருக்கிறது; ஆனால் இதைத் தவறவிட்ட முதல் வரைவுகளை நான் பார்த்திருக்கிறேன். வி-மாடலை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் நர்ஸ் கையில் பம்ப் போவது கடைசியில். ஸ்பிரிண்ட்டில் இரண்டாவது வாரம்.

ஆனால் கார்டு எப்போது முடிகிறது? ஆபத்துப் பதிவேட்டில் இந்தப் புது ஆபத்து ஏறி, அதற்கு எதிரான தேவை ஓர் எண்ணோடு எழுதப்பட்டு, நிரல் அந்த எண்ணைச் சுட்டி, அதை எழுதாத வேறொருவர் சரிபார்த்து, சோதனை ஓடி, முடிவு பில்ட் எண்ணோடு சேமிக்கப்பட்ட பிறகு. இதில் ஒன்று குறைந்தாலும் கார்டு பலகையில் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று ஸ்பிரிண்ட்டில் வேகம் பாதியாகும், குழு முணுமுணுக்கும். அப்புறம் கை பழகிவிடும். அஜைல் என்றால் ஆவணம் இல்லை என்ற பேச்சை உங்கள் குழுவிலேயே யாராவது நம்பிக்கொண்டிருந்தால், தலைவரிடம் போவதற்கு முன் அவரைச் சரிபண்ணுங்கள்.

நர்ஸை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 2005 முதல் 2009 வரை மட்டும் இன்ஃப்யூஷன் பம்புகள் பற்றி எஃப்டிஏவுக்கு ஏறக்குறைய 56,000 புகார்கள் போயின. 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டன. எஃப்டிஏ எடுத்துக்காட்டிய மென்பொருள் கோளாறுகளில் ஒன்று, பட்டனை ஒருமுறை அழுத்தியதைப் பம்ப் பலமுறை அழுத்தியதாக எடுத்துக்கொண்டது. 5 என்று வைக்க நினைத்தது 55 ஆகும். இதைப் பிடிக்க அவசரத்தில் இருக்கும் விரல் ஒன்று வேண்டும்.

எம்.டி.யின் யோசனைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் ஆடிட்டுக்கு முந்தைய ஆய்வுக்காகப் போயிருந்தேன். அலமாரி நிறைய கோப்புகள், அத்தனையும் அழகாக பைண்ட் செய்யப்பட்டவை. தேவைகள் ஆவணம், கட்டமைப்பு ஆவணம், விரிவான வடிவமைப்பு மூன்றையும் ஒரே நபர், ஒரே ஞாயிற்றுக்கிழமை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். மொத்தம் நானூறு பக்கத்துக்கு மேல். அந்த வடிவமைப்பின் மேல் ஓடிய சோதனையின் முடிவுகளில் அதற்கு ஐந்து மாதம் முந்தைய தேதி. மறுபரிசீலனைப் பதிவில் ஒரு குறைகூட இல்லை, எழுத்துப்பிழைகூட. நான் கேட்டது ஒரே கேள்வி: "இந்தச் சோதனையை எழுதியபோது எந்தத் தேவையைப் பார்த்து எழுதினீர்கள்?" அறையில் யாரும் பேசவில்லை. அவர்கள் நிரல் மோசமில்லை, நன்றாகவே இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று, இரண்டு மாதம் போய் ஒன்பது மாதம் ஆயிற்று.

எம்.டி.யிடம் நேர்மை, தரம் என்று ஆரம்பிக்காதீர்கள், மாதக் கணக்கைச் சொல்லுங்கள். கடைசியில் எழுதும் ஆவணம், இருக்கும் நிரலைப் பார்த்து எழுதுவது. அது நிரல் என்ன செய்கிறது என்று சொல்லும், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. மேலே சொன்ன அழுத்த ஆபத்து அதில் எந்தக் காலத்திலும் வராது.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜிரா (வேலைப் பட்டியல்), கிட் (நிரல் சேமிப்பு), ஜென்கின்ஸ் (தானியங்கி பில்ட்) எதுவானாலும், அதில் கிடைக்கும் பதிவை ஆடிட்டில் காட்டப்போகிறீர்கள் என்றால், அந்தக் கருவி உங்கள் வேலைக்குச் சரியாக இயங்குகிறது என்று சரிபார்த்த குறிப்பு வேண்டும்; மருத்துவக் கருவிகளுக்கான தர மேலாண்மைத் தரநிலை ஐஎஸ்ஓ 13485ன் 4.1.6 பிரிவு கேட்பது அது. பயப்பட வேண்டாம், நாலைந்து பக்கம் போதும். ஒரு சோதனையை வேண்டுமென்றே தோற்கடித்து, பில்ட் சிவப்பாகிறதா என்று படம் பிடித்து அதில் ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக வெர்ஷன். ஒவ்வொன்றுக்கும் மாற வேண்டாம். நீண்டகால ஆதரவு வெளியீடு ஒன்றைப் பிடித்து, அதை உங்கள் ரெபாசிட்டரிக்குள்ளேயே பூட்டி வையுங்கள். பில்ட் நேரத்தில் நெட்டிலிருந்து இறக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மாதத்தில் ஒரு நாள் குறித்து, ஒருவர் பிழைப் பட்டியலைத் திறந்து, உங்கள் பில்டில் உள்ள கோப்புகளைத் தொடும் புதுப் பிழை உண்டா என்று பார்த்துத் தாளில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இல்லை என்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும், அந்த வரியும் ஆதாரம்தான். உண்டு என்றால் அது மாற்றக் கோரிக்கை: ஆபத்துப் பதிவேட்டைத் திற, பாதிக்கும் சோதனைகளை மறுபடி ஓட்டு, தாளில் வெர்ஷனை மாற்று. இந்த வேலையைத் தரப் பிரிவுத் தலைவரிடமே கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது மாதம் ஓப்பன் சோர்ஸ் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.